படம் விழாத ஜன்னல்

பாய் கேமராவைக் கையில் வாங்கியதும் முதலில் அதை முகர்ந்து பார்த்தார். திருவல்லிக்கேணியில் குறுகலான மாடிப்படி ஏறிப் போகும் சின்ன அறை அவருடையது. மேசை விளக்கு, சாமணங்கள், கடிகாரக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்வது போன்ற லூப், எந்தெந்தக் கேமராவிலிருந்தோ கழன்ற திருகாணிகளைப் போட்டுவைத்த மாத்திரை டப்பிகள். "தோல்ல பூஞ்சை வாசனை வந்தா லென்ஸுக்குள்ளயும் இருக்கும் சார். கடல்காத்து ஊரு" என்றார். வரவில்லை போலிருக்கிறது. லென்ஸைக் கழற்றி மொபைல் டார்ச்சுக்கு எதிரே பிடித்துச் சிலந்திவலை மாதிரி இழை ஓடுகிறதா என்று பார்த்தார். பின்மூடியைத் திறந்து, வேகத்தை ஒரு நொடியில் வைத்து, ஷட்டரை அழுத்திக் காதோடு வைத்துக்கொண்டார். உள்ளே ஒரு பல்சக்கரம் ர்ர்ர் என்று ஓடி நின்றது. அதையே மூன்று தடவை கேட்டார். பிறகு என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார்.

"அந்த எல்.ஐ.சி. பில்டிங் உச்சியப் பாருங்க சார். ஒண்ணா தெரியுதா, ரெண்டா தெரியுதா?"

"பக்கவாட்டுல ஒண்ணாத்தான் இருக்கு பாய். மேல் விளிம்பு மட்டும் ரெண்டு கோடா தெரியுது. ஒரு முடி அளவு."

"பக்கவாட்டுல சரியா இருக்கில்ல? அப்ப விடுங்க. மேல கீழ விலகி இருந்தா ஃபிலிமுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க கண்ணுக்குத்தான் தொந்தரவு. தொறந்து சரி பண்ணச் சொன்னா பண்றேன். ஆனா நானா இருந்தா தொறக்க மாட்டேன்."

நானும் திறக்கச் சொல்லவில்லை. இப்படித்தான் ஒரு கேனான் பி என் கைக்கு வந்தது. 1959-ல் விற்பனைக்கு வந்த ரேஞ்ச்ஃபைண்டர் மாடல். பாட்டரி கிடையாது, மீட்டர் கிடையாது, உள்ளே இருப்பதெல்லாம் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். நாங்கள் குறிபார்த்த எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டதும் அதே 1959-ல்தான் என்று பிறகு தெரிந்தபோது, காரணமே இல்லாமல் ஒரு சந்தோஷம்.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். விரல் பக்கவாட்டில் தாவும். தூரத்துத் தென்னைமரம் அவ்வளவு தாவாது. கிட்டே இருப்பது அதிகம் தாவும், எட்ட இருப்பது குறைவாகத் தாவும் என்ற இந்தச் சிறுபிள்ளை விளையாட்டுதான் ரேஞ்ச்ஃபைண்டர். பீரங்கிக்காரர்களும் கப்பற்படைக்காரர்களும் எதிரி எவ்வளவு தொலைவில் இருக்கிறான் என்று இதை வைத்தே அளந்தார்கள். கேமராவின் நெற்றியில் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். ஒன்றின் வழியே நேராகப் பார்க்கிறோம். மற்றதன் வழியே வரும் காட்சி, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் ஒரு கண்ணாடியில் பட்டு, முதல் காட்சியின் நடுவே சின்னக் கட்டமாக வந்து உட்காரும். லென்ஸின் வளையத்தைத் திருப்பினால் உள்ளே ஒரு நெம்புகோல் அசைந்து அந்தக் கட்டத்துக் காட்சியை நகர்த்தும். எதிரே நிற்பவரின் மூக்குக்கண்ணாடிச் சட்டம் இரண்டாகத் தெரிவது ஒன்றாகும்போது ஃபோகஸ் சரி. ஜன்னல்களுக்கு இடையே இடைவெளி கூடக்கூட அளவு நுட்பமாகும். லைக்கா எம்3-ல் அது 68.5 மி.மீ., மனிதக் கண்கள் இரண்டுக்கும் நடுவே இருப்பதைவிடச் சற்று அதிகம். என் கேனானில் 41 தான். அதற்கு அது போதும்.

இதில் என்னைப் பிடித்துக்கொண்ட சங்கதி வேறு. நாம் பார்க்கும் ஜன்னலுக்கும் ஃபிலிமுக்கும் சம்பந்தமே இல்லை. படம் லென்ஸ் வழியாக ஃபிலிமுக்குப் போகிறது. நம் கண் பக்கத்து ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கிறது. பின்புலம் எவ்வளவு கலங்கும், முன்னால் இருக்கும் கம்பி எப்படிக் கரையும் என்பதெல்லாம் ஜன்னலில் வராது. அங்கே எல்லாமே எப்போதும் தெளிவு. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் தருவதை ஒரு கண்ணாடி ஏந்தி நம் கண்ணுக்குக் காட்டும். ஆனால் ஷட்டரை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி எழும்பிப் பார்வையை மறைத்துவிடும். படம் விழும் அந்தக் கணத்தை மட்டும் எடுப்பவர் பார்க்க முடியாது. ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கணம் கண்ணெதிரே நடக்கிறது. கண் சிமிட்டினாரா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும். என்ன படம் விழுந்தது என்பது, ரோலைக் கழுவும்வரை தெரியாது.

கேனான் பி-யின் ஜன்னலில் உருவங்கள் சிறுத்துத் தெரிவதில்லை. உள்ளது உள்ள அளவில் இருக்கும். அதனால் இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பார்க்கலாம். கொஞ்ச நேரத்தில் கேமரா மறைந்துபோய், தெருவின் மேல் வெளிச்சக் கோட்டால் ஒரு சட்டம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு உரிய கோட்டுக்கு வெளியேயும் தெரு தொடர்கிறது. இடப்பக்கமிருந்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். அவர் இன்னும் படத்துக்குள் வரவில்லை. வலப்பக்கம் தள்ளுவண்டியில் சோளம் வாட்டுகிறார்கள், அந்தப் பொறி படத்துக்குள் வரப்போவதே இல்லை. சேர்ப்பதைப் பார்க்கும்போதே விடுவதையும் பார்த்தாக வேண்டும். எஸ்.எல்.ஆரில் சட்டத்துக்கு வெளியே இருட்டு. இதில் வெளியேயும் ஆட்கள் நடமாடுகிறார்கள். என்னை எடு என்று சொல்வதில்லை, ஆனால் இருக்கிறார்கள். சிறுகதை எழுதுகிற நண்பரிடம் இதைச் சொன்னபோது, "எங்க தொழில்லயும் அதுதாங்க கஷ்டம்" என்றார்.

எப்படி வந்தது இந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், புத்தகங்களில் நிறைய இருக்கிறது. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில், மைக்ராஸ்கோப் செய்யும் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்நாக் ஆஸ்துமாக்காரர். கண்ணாடித் தகடுகளையும் பெரிய பெட்டியையும் சுமந்து மலையேற முடியாதவர், சினிமா ஃபிலிமைக் குறுக்கே படுக்கவைத்து 24-க்கு 36 மி.மீ. அளவில் படம் எடுக்கும் ஒரு கைக்கடக்கமான பெட்டியை 1914 வாக்கில் செய்தார். 1925 லைப்சிக் சந்தையில் அது லைக்காவாக வெளிவந்தது. அதில் தொலைவைக் கண்மதிப்பில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 1932-ல் வந்த லைக்கா 2-ல் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைந்தது. அதே ஆண்டு ஸைஸ் ஐகான் நிறுவனத்தின் கான்டாக்ஸும் வந்தது. பழைய லைக்காவில் ஃபோகஸுக்கு ஒரு துளை, சட்டத்துக்கு இன்னொரு துளை. இரண்டையும் ஒரே ஜன்னலில் பளிச்சென்ற கோடுகளோடு சேர்த்த எம்3 வந்தது 1954-ல்.

எம்3-ஐ நண்பர் வீட்டில் பத்து நிமிடம் கையில் வைத்திருந்திருக்கிறேன். நடுக்கட்டத்தில் இரண்டு காட்சிகளும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுவது, நல்ல கதவில் தாழ்ப்பாள் விழுவது போல இருந்தது. அதைவிடச் சிறந்த ஜன்னலை இதுவரை யாரும் செய்ததாகத் தெரியவில்லை. வாங்குகிற வசதி எனக்கு இல்லை என்பது ஒரு புறம். வசதி உள்ளவர்கள் பலர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். பொட்டுத் தங்கத்தை லாக்கரில் வைப்பதாவது புரிகிறது.

பணம் குறைவானவர்கள் சோவியத் கேமராக்களிடம் போவார்கள், நானும் போனேன். அவற்றில் ஃபெட் என்ற பெயரின் கதை விசித்திரமானது. கார்கிவ் நகருக்கு வெளியே, உள்நாட்டுப் போருக்குப் பின் தெருவில் விடப்பட்ட அநாதைப் பிள்ளைகளுக்கான கம்யூன் ஒன்றை அந்தோன் மகரென்கோ நடத்தினார். சோவியத் நூல்கள் வீடுதேடி மலிவாக வந்த காலத்தில் வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு மகரென்கோ தெரிந்த பெயர்தான். அந்தப் பிள்ளைகள் முதலில் மின்சாரத் துளைக்கருவி செய்தார்கள். பிறகு லைக்கா 2-ஐப் பிரித்துப் பார்த்து, 1934 முதல் அதைப்போலவே கேமராவும் செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கம்யூனுக்கு வைத்திருந்த பெயர் ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கி, சோவியத் ரகசியப் போலீஸை நிறுவியவர். அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் ஃபெட். ஆள்பிடிக்கும் துறையின் தலைவர் பெயரைத் தாங்கி, வீடற்ற பிள்ளைகள் கோத்த திருகாணிகளோடு, குடும்பப் படம் எடுப்பதற்கென்று லட்சக்கணக்கில் வெளியே போன கேமரா. இதை ஒரு நாவலாசிரியர் கற்பனையாக எழுதினால் மிகை என்று சொல்லிவிடுவோம். கான்டாக்ஸுக்கு நடந்தது இன்னொரு விதம். போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து அச்சுகளும் கருவிகளும் போர் இழப்பீடாகக் கீவுக்குப் போயின. அங்கே அது கீவ் என்ற பெயரில் எண்பதுகள்வரை பிறந்துகொண்டே இருந்தது.

சோவியத் கேமராக்களில் பலவற்றுக்கு ஒரு கட்டளை உண்டு. ஃபிலிமைச் சுற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், முன்னால் மாற்றினால் உள்ளே பல் மாட்டிக்கொள்ளும். வாங்கிய அன்றே சொன்னார்கள். இரண்டாவது வாரம், உறவுக்காரர் வளைகாப்பில் பேசிக்கொண்டே மறந்து திருகினேன். மாட்டிக்கொண்ட அந்தக் கேமரா இன்றும் என் புத்தக அலமாரியில் இருக்கிறது. லைக்கா என்று முத்திரை குத்திப் பொன்முலாம் பூசிய சோவியத் கேமராக்களும் சந்தையில் சுற்றுகின்றன. யாராவது அதைக் காட்டி, ஹிட்லரின் அதிகாரி வைத்திருந்தது என்று கதை சொன்னால், கதைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

கேனானின் முன்கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. தோக்கியோவில் ஒரு சின்னப் பட்டறையில், லைக்காவுக்கு ஈடாக ஒன்றைச் செய்ய 1934-ல் முயன்றவர்கள் தங்கள் மாதிரிக்கு வைத்த பெயர் குவானோன். அவலோகிதேஸ்வரருக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர் அது. லென்ஸுக்குப் புத்தரின் சீடர் காசியபர் பெயரை வைத்தார்கள். பிறகு குவானோன் என்பது கேனான் ஆகி, 1936-ல் முதல் கேமரா விற்பனைக்கு வந்தது. அதன் லென்ஸைச் செய்து கொடுத்தது, பின்னாளில் நிக்கான் என்று போட்டிக்கு நின்ற நிறுவனம். அவலோகிதன் என்ற பெயரில் பார்த்தல் இருக்கிறது, மேலிருந்து உலகைப் பார்ப்பவன். நமக்கும் அவர் அந்நியர் இல்லை. அகத்தியர் தமிழைக் கற்றது அவலோகிதனிடம் என்று வீரசோழியத்தில் புத்தமித்திரர் சொல்கிறார். தமிழ் சொல்லிக்கொடுத்தவர் பெயரில் ஒரு கேமரா. கட்டுரைக்கு இது தேவையா என்றால் இல்லைதான்.

1959-ல் இன்னொன்றும் நடந்தது. நிக்கான் எஃப் வந்தது. தன் ரேஞ்ச்ஃபைண்டர் உடலின் நடுவே கண்ணாடிப் பெட்டியைப் பொருத்தி அந்த நிறுவனம் செய்த எஸ்.எல்.ஆர். அது. நீண்ட லென்ஸும் மிக அருகிலான ஃபோகஸும் வேண்டியவர்கள் அந்தப் பக்கம் போனார்கள், பத்திரிகைகளும் போயின. நியாயம்தான். ரேஞ்ச்ஃபைண்டரால் ஒரு மீட்டருக்குள் வந்த பூவைச் சரியாக எடுக்க முடியாது, தூரத்து மரத்தில் உட்கார்ந்த மீன்கொத்தியையும் எடுக்க முடியாது. பேசும் தொலைவில் இருக்கும் மனிதர்கள்தான் இதற்கு உரியவர்கள்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் லென்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் ஜன்னலைப் பற்றிக் கேட்கச் சொல்வேன். மூக்குக்கண்ணாடி போடுபவரா? அப்படியானால் கேனான் பி-யின் 35 மி.மீ. கோடு உங்கள் கண்ணுக்கு முழுதாக எட்டாது, எனக்கு எட்டுவதில்லை. பின்பக்க உலோக வளையம் கண்ணாடியைக் கீறும். நான் குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷரை ஒட்டி வைத்திருக்கிறேன். நடுக்கட்டம் மங்கியிருந்தால் உள்ளேயுள்ள கண்ணாடியின் பூச்சு போய்விட்டது என்று பொருள், அதைத் திருப்பிக் கொண்டுவருவது சுலபம் இல்லை. துணி ஷட்டராக இருந்தால் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் நடுவே கண்ணாடி இல்லாததால், லென்ஸைச் சூரியனுக்குக் காட்டியபடி வைத்துவிட்டால் பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவது போலத் துணி பொத்துவிடும். கேனான் பி-யில் உலோகத் தகடு. பொசுங்காது, ஆனால் விரல் பட்டால் கசங்கும். யாரோ ஒரு முன்னாள் சொந்தக்காரரின் கட்டைவிரல் என் ஷட்டரில் நிரந்தரமாக மடிந்து கிடக்கிறது. படத்தில் ஒன்றும் தெரிவதில்லை.

மீட்டர் இல்லாதது முதல் மாதம் பயமாக இருந்தது. ஃபிலிம் பெட்டிக்குள் சொல்லும் பழைய கணக்கு எளிது. நல்ல வெயிலில் எஃப் 16, வேகம் ஃபிலிமின் எண். 400 ஃபிலிம் என்றால் 1/500. அந்த வெயில் எங்கே முடிகிறது என்பதுதான் பாடம். வேப்பமர நிழலில் எவ்வளவு திறக்க வேண்டும், திண்ணையில் எவ்வளவு, சமையலறையில் ஜன்னலோரம் அம்மா கீரை ஆயும்போது எவ்வளவு என்று மனசு தானாகக் கணக்குப் போடப் பழகியது. இப்போது கேமரா கையில் இல்லாத நாளிலும் பேருந்தில் உட்கார்ந்து, எதிர் இருக்கைக்காரர் முகத்துக்கு 1/60-ல் எஃப் 4 என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் என்ன முறைக்கிறீர்கள் என்பது போலப் பார்க்கிறார். 35 மி.மீ. லென்ஸைப் போட்டு எஃப் 8-ல் மூன்று மீட்டருக்கு வைத்துவிட்டால், சுமார் இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர்வரை எல்லாம் தெளிவாக விழும். சந்தையில் அதுவே போதும், நடுக்கட்டம்கூட வேண்டாம்.

என் கல்லூரிக் கால ரோல்கள் ஊட்டி இந்து நகரிலிருந்து வந்தவை. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் இந்து ஃபிலிம். அந்த ஆலை இன்று இல்லை. இப்போது வெளிநாட்டு ரோல் வாங்கும் பணத்தில் குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிட்டு வந்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

ஜன்னலும் ஃபிலிமும் ஒன்றையொன்று அறியாதவை என்பதை எனக்கு அழுத்திச் சொன்னது லென்ஸ் மூடி. மூடியைக் கழற்றாமலே ஜன்னலில் எல்லாம் அழகாகத் தெரியும். கும்பகோணத்தில் பெரியப்பா தன் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு, உதட்டில் திருகாணியைக் கவ்விக்கொண்டு நிமிர்ந்த காட்சியை அப்படித்தான் நாலு தடவை எடுத்தேன். பக்கவாட்டு வெளிச்சம், நெற்றி நரம்பு, எல்லாம் இருந்தது. கழுவிய ரோலை உதறிக் கிளிப்பில் மாட்டியபோது, தெருப் படங்களுக்கும் கோயில் குளத்துக்கும் நடுவே நாலு கட்டம் தண்ணீர் மாதிரி வெறுமையாக நின்றது. அடுத்த முறை போனபோது பெரியப்பாவிடம் சொன்னேன். "அதனால என்னடா, ரேடியோவும்தான் பாடல" என்றார்.

புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனை இந்தக் கேமரா பற்றி எழுதும் எவரும் இழுத்துவருவார்கள். 50 மி.மீ. லென்ஸ், பளபளப்பு தெரியாதிருக்கக் கறுப்பு டேப் ஒட்டிய லைக்கா. 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் அவர் காந்தியைச் சந்தித்து விடைபெற்ற சற்று நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அதன் பிறகான நாட்களை அவர் எடுத்த படங்களை உலகம் பார்த்தது. எனக்கு அதைவிட அடிக்கடி நினைவுக்கு வருவது திருவண்ணாமலை. 1950 ஏப்ரலில் அவர் அங்கே தங்கி ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். 14-ஆம் தேதி இரவு, ஒளிவால் கொண்ட ஒரு விண்மீன் மெல்ல நகர்ந்து மலையுச்சியை அடைந்து மறைவதைக் கண்டதாகவும், உடனே கடிகாரத்தைப் பார்த்தபோது மணி 8.47 என்றும் அவர் சொன்னார். ரமணர் உயிர் பிரிந்ததும் அந்த நேரம்தான். விண்மீனை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். கண்ணில் கேமரா இல்லாமல் வானத்தைப் பார்த்து நின்ற அந்த மனிதர் முதலில் தேடியது கடிகாரத்தை என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. எத்தனை நொடி திறந்திருந்தது என்று கேட்டே பழகிய கை அது.

போன பௌர்ணமியன்று ஃபோகஸ் நகர்ந்திருக்கிறதோ என்ற சந்தேகம். எல்.ஐ.சி. கட்டடம் எங்கள் வீட்டிலிருந்து தெரியாது. மொட்டைமாடிக்குப் போய் லென்ஸைக் கடைசிவரை திருப்பி நிலாவைப் பார்த்தேன். பக்கவாட்டில் விலகல் இல்லை. மேலே மட்டும் ஒரு முடி அளவுக்கு இன்னொரு நிலா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் ரோலில் பதினாலு படம் பாக்கி.